கணினி அடிக்கடி நின்றுபோகிறதா? 'போமற்' செய்வதற்கு முன் பார்க்கவேண்டியவை

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக் கணினி இரண்டு நாள் தொடர்ந்து இடைநடுவில் நின்றுபோனால், வீட்டுக்காரர் மனத்தில் எழும் எண்ணமும் கடைக்காரர் சொல்லும் விடையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "போமற் அடிச்சால் சரி வந்திடும்." போமற் என்றால் வன்தட்டில் உள்ளதை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. சில வேளைகளில் அது உண்மையாகவே சரிவருகிறது. ஆனால் பழுது றாமிலோ (கணினியின் தற்காலிக நினைவகம்) பவர் சப்ளையிலோ இருந்தால், புதிதாக ஏற்றிய விண்டோஸும் பழையதைப் போலவே விழும். இடையில் அழிந்த கோப்புகள் மட்டும் திரும்பி வருவதில்லை.

கொக்குவிலில் என் உறவினர் வீட்டுக் கணினி ஒன்று ஒரே ஆண்டில் மூன்று தடவை போமற் செய்யப்பட்டது. 1995 இடப்பெயர்வின்போது ஒரு தகரப் பெட்டியில் கொண்டுசென்று காப்பாற்றிய குடும்பப் படங்களை, பிற்காலத்தில் கறையான் அரிக்கத் தொடங்கியதும் ஸ்கான் செய்து அந்தக் கணினியில் வைத்திருந்தார்கள். மூன்றாவது போமற்றில், படங்கள் இருந்த வன்தட்டுப் பகுதியும் சேர்ந்து அழிந்தது. அதன் பின்னர்தான் ஓர் இரவு முழுவதும் சோதனை ஓடவிட்டுப் பார்த்தோம். இரண்டு றாம்களில் ஒன்று பழுதடைந்திருந்தது. அதைக் கழற்றிய நாளிலிருந்து அந்தக் கணினி ஒரு தடவைகூட நிற்கவில்லை. இப்படியொரு இழப்பு இன்னொரு வீட்டில் நேரக்கூடாது என்பதற்காகவே, கணினியில் அதிகம் பழக்கமில்லாதவரும் செய்யக்கூடிய ஒழுங்கில் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கொப்பி

கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு கொப்பியை எடுத்து அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் திகதி, நேரம், அப்போது திறந்திருந்த செயலிகள், போட்டு எவ்வளவு நேரத்தின் பின் நின்றது, அந்த நேரத்தில் வீட்டில் வேறு என்ன மின்சாதனம் ஓடியது ஆகியவற்றை எழுதுங்கள். நான்கைந்து பதிவுகள் சேர்ந்ததும் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு தெரியத் தொடங்கும்.

எவ்வாறு நின்றது என்பதும் முக்கியம். எந்தச் செய்தியும் காட்டாமல், வயரைப் பிடுங்கியதுபோலச் சட்டென்று அணைந்தால் மின்வழங்கலையோ வெப்பத்தையோ முதலில் சந்தேகிக்கவேண்டும். நீலத்திரை தோன்றினால் (அண்மைய விண்டோஸ் 11 பதிப்புகளில் அது கறுப்புத் திரையாக மாறியிருக்கிறது) அதன் அடியிலுள்ள ஆங்கில வாசகத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'டபிள்யூ.எச்.ஈ.ஏ.' என்று தொடங்கும் பிழை இருந்தால் வன்பொருள் பக்கம் பார்க்கவேண்டும். 'மெமரி மனேஜ்மென்ற்' என்றிருந்தால் றாமை முதலில் சோதிக்கவேண்டும், ஆயினும் ட்ரைவர்க் (வன்பொருளை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்) கோளாறும் அதே வாசகத்தைக் கொண்டுவரக்கூடும். 'இனக்செசிபிள் பூட் டிவைஸ்' என்றிருந்தால் வன்தட்டையோ அதற்கான ட்ரைவரையோ பார்க்கவேண்டும். திரை அப்படியே உறைந்து மவுஸும் அசையாமல் நிற்பது வேறொரு வகை. ஒரேயொரு செயலி மட்டும் மூடிக்கொண்டு மற்றவை ஒழுங்காக ஓடினால், அதைக் கணினியின் பழுதாகவே கொள்ளவேண்டியதில்லை. அந்தச் செயலியை நீக்கி மீண்டும் ஏற்றிப் பாருங்கள்.

கோப்புகளுக்குப் பிரதி

கணினி எழும்பும் நிலையில் இருந்தால், வேறெதையும் ஆராய்வதற்கு முன் கோப்புகளை வெளி வன்தட்டு ஒன்றிற்குப் பிரதியெடுங்கள். 'டீ' பகுதியில் வைத்தவை பாதுகாப்பானவை என்ற நம்பிக்கை எங்கள் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 'சீ'யும் 'டீ'யும் பெரும்பாலான கணினிகளில் ஒரே வன்தட்டின் இரண்டு பகுதிகளே. தட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். மறுபக்கம், டெஸ்க்ரொப், டொக்கியுமென்ற்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய மூன்று இடங்களும் வழக்கமாக 'சீ'யில் இருப்பவை; போமற் செய்யும்போது முதலில் அழிபவை அவைதான்.

வன்தட்டிலிருந்து 'டக் டக்' என்ற ஒலி கேட்டால் கணினியை உடனே நிறுத்திவிடுங்கள். திருத்தும் கட்டளை எதையும் அதன்மேல் ஓடவிடவேண்டாம். நலிந்த தட்டை மணிக்கணக்கில் வாசிக்கவைக்கும் ஒவ்வொரு சோதனையும் அதை மேலும் கெடுக்கக்கூடும்; அதில் எஞ்சியிருக்கும் ஆயுளைப் பிரதியெடுப்பதற்கு மட்டுமே செலவிடவேண்டும்.

மின்சாரம், தூசி, வெப்பம்

எங்கள் பிரதேசத்தில் மிகுதியாகக் காணப்படும் காரணங்கள் இவை என்பதே என் அனுபவம். ஆனால் கடைக்குக் கொண்டுபோனதும் மறைந்துவிடும் காரணங்களும் இவைதான். ஏனெனில் கடையின் மின்சாரம் வேறு, உங்கள் வீட்டின் மின்சாரம் வேறு.

கிணற்று மோட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டர் ஒன்று தொடங்கும் கணத்தில், அது ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. வீட்டு வயரிங் பழையதாக இருந்தால் அல்லது வீடு ட்ரான்ஸ்போமரிலிருந்து தொலைவில் இருந்தால், 230 வோல்ற் இருக்கவேண்டிய மின்னழுத்தம் அக்கணத்தில் சரிகிறது. பல்பு மங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நல்ல பவர் சப்ளை அந்தச் சரிவைத் தாங்கிக்கொள்ளும், பழையதும் மலிவானதும் தாங்கா. கொப்பியில் எழுதிய நேரங்கள் விடியற்காலை தோட்டத்திற்கு நீர் இறைக்கும் நேரத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போனால், விண்டோஸைப் பத்துத் தடவை மாற்றினாலும் பயன் இல்லை, யூ.பி.எஸ். ஒன்றும், தேவையானால் புதிய பவர் சப்ளையும், வயரிங்கைப் பார்க்க ஒரு மின்தொழிலாளியும்தான் தேவை.

யூ.பி.எஸ். ஏற்கெனவே இருக்கிறது என்று அமைதியடையவும் கூடாது. அதனுள் இருக்கும் ஈய அமில பற்றரி சில ஆண்டுகளில் நலிந்துவிடும். அடிக்கடி முழுவதுமாக வெறுமையாக்கப்பட்டால் இன்னும் விரைவாக நலியும். 2022 ஆம் ஆண்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட காலத்தில் உழைத்த பற்றரி இன்னும் உங்கள் யூ.பி.எஸ்ஸில் இருந்தால் அதை நம்பவேண்டாம். வேலைகளைச் சேமித்து மூடிவிட்டு, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே யூ.பி.எஸ்ஸுக்கு வரும் சுவர் ஆளியை அணைத்துப் பாருங்கள். அந்தக் கணமே கணினி அணைந்தால் பழுது எங்கே என்று தெரிந்துவிட்டது.

அடுத்தது தூசி. சோளகக் காற்று வீசும் மாதங்களில் செம்மண் புழுதி யன்னல் வழியாக வந்து எல்லாவற்றின் மேலும் படிவது வலிகாமத்தவருக்குப் புதிதல்ல; அந்தப் புழுதி புரொசசரின் மேலுள்ள விசிறியிலும் வெப்பக்கடத்தியின் இடுக்குகளிலும் அடைந்துவிடுகிறது. கணினி போட்டுப் பதினைந்து இருபது நிமிடங்களின் பின், அல்லது வீடியோ பார்க்கும்போது மட்டும் நிற்கிறது என்று கொப்பி சொன்னால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். மின்னிணைப்பை முற்றாகக் கழற்றி, பெட்டியைத் திறந்து, மென்மையான தூரிகையாலும் புளோவராலும் சுத்தம் செய்யுங்கள்; ஊதும்போது விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும். பின்னர் எச்.டபிள்யூ. மொனிற்றர் போன்ற இலவசச் செயலியால் வெப்பநிலையைப் பாருங்கள். பெரும்பாலான புரொசசர்கள் 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கு மேலும் ஏறினால் தம்மைக் காக்க அணைந்துவிடும். வேலை எதுவும் இல்லாதபோதே 70, 80 பாகை காட்டினால், வெப்பப் பசை காய்ந்திருக்கலாம் அல்லது விசிறி சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். மடிக்கணினியை மெத்தையிலோ தலையணையிலோ வைத்து வேலை செய்பவர்கள் அதை ஒரு பலகைக்கு மாற்றிவிட்டு இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம்.

றாமும் வன்தட்டும்

றாமைக் கழற்றி மீண்டும் பூட்டுவது ஐந்து நிமிட வேலை. கடற்கரையை அண்டிய ஊர்களில், அதுவும் மாரிகால ஈரப்பதனில், அதன் பொன்னிறப் பற்களில் மங்கலாக ஒரு படலம் படிவதுண்டு. வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு, இரண்டு பக்கக் கொழுக்கியும் 'கிளிக்' என்று விழும்வரை அழுத்திப் பூட்டுங்கள். தொடுவதற்கு முன், பூச்சில்லாத உலோகம் ஒன்றைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை இறக்கிக்கொள்வது அவசியம்.

பிறகு சோதனை. விண்டோஸ் தேடற்பெட்டியில் 'மெமரி டயக்னொஸ்ரிக்' என்று தட்டினால் உள்ளமைந்த சோதனை ஒன்று கிடைக்கும். அதைவிடக் கண்டிப்பானது பென்ட்ரைவிலிருந்து இயங்கும் மெம்ரெஸ்ற்86. அதன் இலவசப் பதிப்பு நான்கு சுற்றுகள் வரை சோதிக்கும். இரவு படுக்கப்போகும்போது தொடக்கிவிட்டுக் காலையில் பாருங்கள். ஒரேயொரு பிழை காட்டினாலும் அது பிழைதான். "ஒன்றுதானே" என்று விட்டுவிடக்கூடாது. இரண்டு றாம்கள் இருந்தால் ஒவ்வொன்றாகப் பூட்டிச் சோதித்துக் கெட்டதை ஒதுக்குங்கள்.

வன்தட்டுக்குக் கிரிஸ்ரல் டிஸ்க் இன்போ என்ற இலவசச் செயலி போதுமானது. அது 'குட்' என்று காட்டினால் பெரும்பாலும் கவலையில்லை. 'கோஷன்' அல்லது 'பாட்' என்று காட்டினால் பட்டியலில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். முதலாவது, பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட துண்டங்களின் எண்ணிக்கை. இரண்டாவது, வாசிக்க முடியாமல் காத்திருக்கும் துண்டங்கள். மூன்றாவது, திருத்தவே முடியாதவை. இந்த எண்கள் வாரத்துக்கு வாரம் ஏறினால் அந்தத் தட்டில் விண்டோஸை மறுபடி ஏற்றுவது, கறையான் அரித்த தீராந்தியின்மேல் புது ஓடு போடுவதுபோலாகும். புதிய எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டில்லாத சேமிப்பகம்) ஒன்றை வாங்குங்கள்.

பென்ட்ரைவில் லினக்ஸ்

வன்பொருளா, விண்டோஸா என்று பிரித்தறிவதற்கு இதைவிட எளிய வழியை நான் அறியேன். விண்டோஸிற்கு மாற்றான இலவச இயங்குதளங்களாகிய லினக்ஸ் மின்ற் அல்லது உபுண்டுவை ஒரு பென்ட்ரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடக்குங்கள். 'நிறுவு' என்பதை அழுத்தாமல் 'முயன்று பார்' என்ற தெரிவிலேயே நின்றால், வன்தட்டில் எதுவும் மாறாது. அந்த நிலையில் ஒரு நாள் முழுவதும் இணையம் பாருங்கள், வீடியோ ஓடவிடுங்கள். அங்கும் கணினி நின்றால் விண்டோஸ் குற்றவாளியல்ல. அங்கு ஒழுங்காக ஓடி விண்டோஸில் மட்டும் நின்றால், பழுது பெரும்பாலும் மென்பொருளில் இருக்கிறது. விண்டோஸ் எழும்பவே மறுக்கும் கணினியிலிருந்து கோப்புகளை வெளியே எடுப்பதற்கும் இதே வழி உதவும். பிற்லொக்கர் (வன்தட்டை மறையாக்கும் விண்டோஸ் வசதி) பூட்டு இருந்தால் மட்டும் அதன் 48 இலக்கத் திறவுகோல் தேவைப்படும்.

விண்டோஸிற்குள் தேடுதல்

தேடற்பெட்டியில் 'ரிலயபிளிற்றி' என்று தட்டினால் 'ரிலயபிளிற்றி மொனிற்றர்' திறக்கும். எந்த நாளில் எது விழுந்தது, அதற்கு முன்னர் எது நிறுவப்பட்டது என்பவை அங்கே நாட்காட்டிபோல வரிசையாக இருக்கும். அதை உங்கள் கொப்பியோடு வைத்துப் பாருங்கள். 'ஈவென்ற் வியூவர்' என்ற பதிவேட்டில் 'கேர்னல் பவர் 41' என்ற வரியைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். கணினி முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பதைத் தவிர அந்த வரி எதையும் சொல்வதில்லை. மின்வெட்டு நேர்ந்த நாளிலும் அதே வரிதான் விழும்.

அடுத்து, மிக அவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் எழும்பும் 'சேஃப் மோட்'. ஷிஃப்ற் விசையை அழுத்திப்பிடித்தபடி 'றீஸ்ராட்' கொடுத்தால் நீலநிறப் பட்டியல் ஒன்று வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்ராட்டப் செற்றிங்ஸ் என்று சென்று, கணினி மறுபடி எழும்பியதும் 4 ஐ அழுத்துங்கள். விண்டோஸ் எழும்பாத கணினியில், எழும்பும் முயற்சி அடுத்தடுத்து இரண்டு மூன்று தடவை தடைப்பட்டால் அதே பட்டியல் தானாகவே தோன்றும். சேஃப் மோட்டில் கணினி நிற்காவிட்டால், கடைசியாக நிறுவிய செயலியையும், கிராபிக்ஸ் ட்ரைவரையும், கடைசி அப்டேற்றையும் ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொரு நீக்கத்தின் பின்னும் ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். 'சிஸ்ரம் றெஸ்ரோர்' புள்ளி (விண்டோஸ் முன்னர் பதிந்துவைத்த ஒரு நிலை) இருந்தால், அதற்குத் திரும்புவதும் நல்ல வழி. அது உங்கள் ஆவணங்களைத் தொடாது, அந்தப் புள்ளிக்குப் பின் நிறுவிய செயலிகளையும் ட்ரைவர்களையும் அப்டேற்றுகளையும் நீக்கும்.

2024 யூலை 19 அன்று உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்ததை நினைவிற் கொள்ளுங்கள். கிரவுட்ஸ்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேற் ஒன்றே அதற்குக் காரணம். அவற்றை மீட்கும் வழி, சேஃப் மோட்டில் நுழைந்து அந்த மென்பொருளின் ஒரு கோப்பை அழிப்பதாக இருந்தது. எழும்பவே எழும்பாத கணினிகூட முழுவதும் கெட்டுப்போனதாக இருக்கவேண்டியதில்லை.

மின்வெட்டினால் விண்டோஸின் சொந்தக் கோப்புகள் சிதைந்திருந்தால் அதைத் திருத்த இரண்டு கட்டளைகள் உண்டு. நிர்வாகி உரிமையோடு 'கொமாண்ட் ப்ரொம்ட்' திறந்து, முதலில் 'டிஸ்ம்' என்ற கட்டளையை 'ஒன்லைன்', 'கிளீனப் இமேஜ்', 'றெஸ்ரோர் ஹெல்த்' ஆகிய மூன்று தெரிவுகளோடும், அது முடிந்தபின் எஸ், எஃப், சி என்ற மூன்றெழுத்துக் கட்டளையை 'ஸ்கான்நவ்' என்ற தெரிவோடும் ஓடவிடுங்கள். ஒவ்வொரு தெரிவின் முன்னும் ஒரு வெளியும் ஒரு சாய்கோடும் வரவேண்டும். முதலாவதற்கு இணைய இணைப்புத் தேவை.

எப்போது மீள நிறுவுவது

வன்பொருட் சோதனைகள் யாவும் தேறி, லினக்ஸில் நிற்காமல் ஓடி, மேற்சொன்ன இரண்டு கட்டளைகளும் திருத்த முடியவில்லை என்று கைவிரித்தால், மீள நிறுவுவதே சரியான முடிவு. தீநிரல் (வைரஸ் போன்றவை) புகுந்த கணினிக்கும் அதுவே சரி. கள்ளப் பிரதியை இயக்கும் 'கிராக்' கோப்பு ஏற்றப்பட்ட கணினியையும் நான் அந்த வகையிலேயே வைப்பேன். அந்தக் கோப்பு உள்ளே என்னென்ன செய்கிறது என்பதை ஏற்றிக்கொடுத்தவரும் அறியமாட்டார். அப்டேற்றுகளும் பெரும்பாலும் அதோடு நிறுத்தப்பட்டிருக்கும்.

மீள நிறுவுவதிலும் மூன்று படிநிலைகள் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. அண்மைய விண்டோஸ் 11 இல் 'றிக்கவரி' பக்கத்தில், விண்டோஸ் அப்டேற் மூலம் அதே பதிப்பை மேலே ஏற்றும் தெரிவு இருக்கிறது. அது செயலிகளையும் கோப்புகளையும் அப்படியே விட்டுவைக்கும். விண்டோஸ் 10 இல் நிறுவற் கோப்பை விண்டோஸிற்கு உள்ளிருந்தே ஓடவிட்டு இதைச் செய்யலாம். இரண்டாவது, 'றீசெற் திஸ் பீ.சி.'யில் கோப்புகளை வைத்துக்கொள்ளும் தெரிவு. அதில் செயலிகள் போய்விடும், ஆவணங்கள் இருக்கும். முற்றாக அழித்து ஏற்றுவது மூன்றாவது. தீநிரல் சந்தேகம் இல்லாவிட்டால் முதலாவதிலிருந்து தொடங்குங்கள்.

விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்துவிட்டது. ஆகையால் முற்றாக ஏற்றுவதென்றால் விண்டோஸ் 11 ஐ ஏற்றுவதே முறை, அதற்கு ரி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புக் கூறு, 4 ஜீ.பி. றாம், 64 ஜீ.பி. இடம் ஆகியவற்றோடு அங்கீகரிக்கப்பட்ட புரொசசரும் வேண்டும். அவை இல்லாத பழைய கணினிக்கு, சோதனைக்குப் பயன்படுத்திய அதே லினக்ஸ் மின்ற்றை நிரந்தரமாக ஏற்றிக்கொள்ளலாம். கடிதம் எழுதவும் இணையம் பார்க்கவும் அது தாராளமாகப் போதும்.

ஏற்றும் நாளில்

கோப்புகளுக்கு வெளியே மறந்துபோகும் சிலவற்றை முதலில் எடுத்து வையுங்கள். உலாவியின் கடவுச்சொற்கள், கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புறை, பிரின்ரரினதும் வலையினதும் ட்ரைவர்கள், பிற்லொக்கர்த் திறவுகோல். எங்கள் ஊருக்கென்றே இன்னொன்றும் உண்டு: பாமினி எழுத்துரு. அச்சகத்திலோ பாடசாலையிலோ பாமினியில் தட்டிய வினாத்தாள்களும் கல்வெட்டுகளும் (இறந்தவருக்கான நினைவு மலர்கள்), அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமாகத்தான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அதை அழித்தவர்களை நான் அறிவேன். எழுத்துருக் கோப்புறை முழுவதையும் பிரதியெடுத்து, நீங்கள் பயன்படுத்தும் தமிழ் விசைப்பலகைச் செயலியையும் அதோடு சேர்த்து வையுங்கள்.

8 ஜீ.பி. பென்ட்ரைவ் ஒன்றில், மைக்ரோசொப்ற் வழங்கும் 'மீடியா கிரியேஷன் ரூல்' மூலம் நிறுவற் கோப்பை ஏற்றுங்கள். பென்ட்ரைவில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துபோகும். உரிய முறையில் இயங்கிவந்த விண்டோஸ் என்றால், உரிமம் பெரும்பாலும் மதர்போட்டோடு பதிந்திருக்கும். அதே பதிப்பை ஏற்றி இணையத்தில் இணைந்ததும் அது தானாகவே இயங்கத் தொடங்கும். நிறுவலைத் தொடங்குமுன் பிரதியெடுத்த வெளி வன்தட்டைக் கழற்றிவிடுங்கள். பகுதிகளைத் தெரிவுசெய்யும் திரையில் 'சீ', 'டீ' என்ற எழுத்துக்கள் இரா. பகுதி இலக்கங்களும் அளவுகளும் மட்டுமே இருக்கும். எனவே 'சீ'யின் அளவையும் 'டீ'யின் அளவையும் முன்கூட்டியே கொப்பியில் எழுதி வைத்து, அதைப் பார்த்தே தெரிவுசெய்யவேண்டும். கொக்குவிலில் அந்தப் படங்கள் அழிந்தது இந்தத் திரையில்தான்.

நெடுந்தீவிலிருந்தோ அனலைதீவிலிருந்தோ படகேறிக் கணினியைக் கொண்டுவருபவர், கடைக்காரரிடம் "எதையும் அழிக்கவேண்டாம், அழிக்கவேண்டி வந்தால் முதலில் கோல் எடுங்கோ" என்று எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டிக் கொடுக்கலாம். வன்தட்டை மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்றி முடித்த முதல் வாரத்தில் அப்டேற்றுகளையும் ட்ரைவர்களையும் தவிர வேறெதையும் நிறுவாமல் கணினியை ஓடவிடுங்கள். 'சிஸ்ரம் றெஸ்ரோர்' புள்ளிகளை உருவாக்கும் 'சிஸ்ரம் புரொரெக்ஷன்' பல கணினிகளில் அணைந்தே இருக்கும், அதை இயக்கிவிடுங்கள். கொப்பியையும் மூடிவைக்கவேண்டாம். அந்த வாரத்திலேயே கணினி மறுபடி நின்றால் இன்னொரு போமற்றுக்கு இணங்காதீர்கள்; கொப்பியின் பக்கங்களைக் கடைக்காரரிடம் காட்டி, வேறொரு பவர் சப்ளையை மாற்றிப் பூட்டி இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்க்கும்படி கேளுங்கள்; அதிலும் நின்றால் மதர்போட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.